பேக்கேஜ்களைக் களைவதற்கு முன்னால் எதை எடுத்து வைக்க வேண்டும்?

தொண்டிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: அலுவலகக் கம்ப்யூட்டரில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் ஓடுகிறது, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் 30 ஜிபிதான், அதில் 98 சதவீதம் நிறைந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைவு, இப்போதே வேண்டாத பேக்கேஜ்களை (நிறுவிய புரோகிராம் தொகுப்புகளை) எல்லாம் களைந்துவிடு என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்கு முன் யூஎஸ்ஆர், வார் என்ற இரண்டு ஃபோல்டர்களையும் 64 ஜிபி பென்டிரைவில் காப்பி போட்டு வைத்தால் போதுமா? கேள்வியில் காப்பி என்றுதான் இருக்கிறது. தம்பியின் பயம் எனக்குப் புரிகிறது. களைந்த பிறகு ஏதாவது உடைந்துபோனால், விடிகாலையில் முதல் லாரிக்கு பில் போடும் நேரத்துக்குள் மெஷினைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் அவர் கேட்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும்.

போதாது. நான் கீழக்கரையிலிருந்து தொண்டி வரைக்கும் இந்தக் கரையோரத்தில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்து 17 வருஷம் ஆகிறது. டெபியனும் உபுண்டுவும்தான் என் கையில் புழங்குபவை, ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அந்தக் குடும்பத்துக்குத்தான் பொருந்தும். கட்டளைகளின் பெயரை உச்சரிப்பை வைத்துத் தமிழிலேயே எழுதுகிறேன், டெர்மினலில் அடிக்கும் முன் அதன் உதவிக் குறிப்பான மேன் பக்கத்தைத் திறந்து எழுத்துக்கூட்டை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பி ஏன் போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கும் பென்டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் வரும். ஒரு ஃபைலுக்கு உரிமையாளர் யார், யாருக்கு என்ன அனுமதி என்ற விவரம் அதில் தங்காது, வேறொரு ஃபைலைச் சுட்டும் சிம்பாலிக் லிங்க்கும் தங்காது. ஒரு கட்டளையை ரூட், அதாவது நிர்வாகி உரிமையோடு ஓட்டித்தரும் சூடோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், யார் ஓட்டினாலும் உரிமையாளரின் உரிமையோடு ஓட வைக்கும் செட்யூஐடி பிட் அதன்மேல் இருக்க வேண்டும், அப்போதுதான் ஓடும். பென்டிரைவுக்குப் போய்த் திரும்பி வந்த சூடோவுக்கு இரண்டும் போயிருக்கும். ஒரு வரி பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும், அதைச் சரிசெய்யலாம் என்றால் அதற்கும் சூடோதான் வேண்டும். இது ஒரு ஃபைலின் கதை. யூஎஸ்ஆர் ஃபோல்டரில் லட்சக்கணக்கில் ஃபைல்கள் இருக்கும். அப்புறம், எந்தப் பேக்கேஜ் என்ன நிலையில் இருக்கிறது என்ற கணக்கை, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி, வார் ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் டிபிகேஜி என்ற இடத்தில் ஸ்டேட்டஸ் என்ற ஒரே ஃபைலில் எழுதி வைக்கிறது. அந்தக் கணக்கும் டிஸ்கில் உண்மையாக இருக்கும் ஃபைல்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். பாதி பழையது பாதி புதியது என்று கலந்துவிட்டால், இல்லாத பேக்கேஜை இருக்கிறது என்றும் இருக்கும் பேக்கேஜை இல்லை என்றும் அது சொல்ல ஆரம்பிக்கும். பிறகு எதை நம்புவது என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பட்டுத்தான். சில வருஷங்களுக்கு முன் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் கொள்முதல் கொட்டகையில் இதே மாதிரி டிஸ்க் நிறைந்துபோய்க் கூப்பிட்டார்கள். நான் நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எடுத்து வைத்தேன், டேட்டாபேஸை ஒரு ஃபைலில் டம்ப் எடுத்தேன், பிறகு பேக்கேஜ்களைக் கையாளும் ஆப்ட்டுக்கு, வேண்டாத சார்புப் பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்தேன். ஏறக்குறைய 2 ஜிபி காலியானது. கம்ப்யூட்டர் வேகமாக இருக்கிறதென்று அவர்களுக்கும் சந்தோஷம், நானும் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை நாலு மணிக்கு போன் வருகிறது. பில் திரையில் வருகிறது, பிரிண்டர் மட்டும் அச்சடிக்கவில்லை. போய்ப் பார்த்தால் கூடைகள் வரிசையாக எடை மேடைக்குப் பக்கத்தில் நிற்கின்றன, கணக்குப்பிள்ளை பில்லைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார், பிரிண்டர் வரிசையில் ஒவ்வொரு பில்லின் பக்கத்திலும் "ஃபில்டர் ஃபெயில்டு" என்று நிற்கிறது. அந்தச் சின்ன தெர்மல் பிரிண்டரின் டிரைவர், தயாரிப்பாளர் கொடுத்த சிடியிலிருந்து யாரோ கையால் காப்பி போட்டது. அது 32 பிட் புரோகிராம், ஓட வேண்டுமென்றால் 32 பிட் லைப்ரரிகள் வேண்டும். அந்த லைப்ரரிகள் வேறு ஏதோ ஒரு பேக்கேஜோடு சார்புகளாக, அதாவது அது ஓடத் தேவையானவையாக, வந்து உட்கார்ந்தவை. மூலப் பேக்கேஜை யாரோ எப்போதோ நீக்கிவிட்டதால், இவை யாருக்கும் வேண்டாதவை என்று ஆப்ட் முடிவு செய்து எடுத்துவிட்டது. ஆப்ட் செய்தது அதன் கணக்குப்படி சரிதான். அந்த டிரைவர் அதன் கணக்கிலேயே இல்லை.

அன்றைக்குக் காப்பாற்றியது நான் எடுத்து வைத்த பட்டியல் இல்லை. வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் ஆப்ட் என்ற இடத்தில் ஹிஸ்டரி லாக் என்று ஒரு ஃபைல் இருக்கும். எந்த நேரத்தில் எந்தக் கட்டளை ஓடியது, அது எதையெல்லாம் நீக்கியது என்று பதிப்பு எண்ணோடு அதில் எழுதியிருக்கும். முந்தின நாள் மாலை ரிமூவ் என்ற வரியில் இருந்த பெயர்களை எடுத்து, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுவினேன். வெளிச்சம் வரும்போது முதல் பில் அச்சாகி வந்தது. அன்றிலிருந்து எந்த மெஷினைத் தொட்டாலும் அந்த லாக் ஃபோல்டர் முழுவதையும் முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுவேன். நான் நிறுவியதன் பட்டியலைப் பத்திரமாக வைத்தேனே தவிர, ஆப்ட்டுக்குத் தெரியாமல் அதன்மேல் சாய்ந்து நிற்பவை எவை என்று பார்க்கவே இல்லை. உங்கள் மெஷினிலும் ஆபத்து இருப்பது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்ய வேண்டும்? உங்கள் நிலைமையில் முதல் வேலை, முழு டிஸ்கையும் ஒரு இமேஜாக, அதாவது அப்படியே அச்சுப்பிரதியாக, எடுப்பது. களைவதற்கு முன் மெஷின் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய வழி இது ஒன்றுதான். குளோன்ஜில்லாவை ஒரு பென்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள், வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை இணைத்து அதில் இமேஜைப் போடுங்கள். பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டும் படித்துச் சுருக்கி எழுதும் என்பதால் 30 ஜிபிக்கு அதிக இடம் பிடிக்காது. அலுவலகக் கணக்கு வேறு பார்ட்டிஷனில் இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க மறக்காதீர்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: இமேஜைத் திருப்பிப் போடும் டிஸ்க், பழைய டிஸ்கின் அளவுக்காவது இருக்க வேண்டும். சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது ஸ்நாப்ஷாட்டாகப் பதிந்து வைக்கும் டைம்ஷிஃப்ட் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் அது லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்கில்தான் எழுதும், ஹோம் ஃபோல்டரை இயல்பாகச் சேர்க்காது, அதே 30 ஜிபி பார்ட்டிஷனிலேயே ஸ்நாப்ஷாட் எடுக்க விட்டால் மிச்சமிருக்கும் 2 சதவீதத்தையும் தின்றுவிடும். வெளி டிஸ்கை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்து வைத்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

இமேஜ் எடுத்தாயிற்று, வேலை முடிந்ததா என்றால் இல்லை. இமேஜ் முழுவதையும் திருப்பும், ஒரு துண்டை மட்டும் திருப்புவது சிரமம். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு பேக்கேஜ் காணோம் என்றால், இரண்டு வாரக் கணக்கை அழித்துவிட்டுப் பழைய இமேஜைப் போட முடியாது. அதற்குத்தான் ஒரு சின்னக் கட்டு வேண்டும். அதில் முதலில் வருவது ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் தரும் பட்டியல். இதில் நீங்களோ இன்ஸ்டாலரோ வேண்டும் என்று கேட்டு நிறுவியவை மட்டும் இருக்கும், சார்புகளாக வந்தவை இருக்காது. டிபிகேஜி கெட்-செலெக்ஷன்ஸ் எடுத்தால் போதும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது எல்லாப் பெயரையும் கொடுக்கும், தவறில்லை, ஆனால் அதை அப்படியே புது மெஷினில் திருப்பினால் எது கேட்டு வந்தது, எது கூட வந்தது என்ற வித்தியாசம் அழிந்துபோகும், அடுத்த தடவை களைய முடியாமல் எல்லாமே வேண்டியவையாக நிற்கும். ஆகவே முதல் பட்டியலை நிறுவுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், முழுப் பட்டியலைப் பதிப்பு எண்ணோடு டிபிகேஜி-கொயரியில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ட்-மார்க் ஷோஹோல்டும் கொடுத்துப் பாருங்கள். யாராவது ஒரு பேக்கேஜை மேம்படுத்தாமல் பிடித்து வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து சில நூறு கேபிக்கு மேல் வராது, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் இருப்பது பெயர்தான். அந்தப் பெயருக்குரிய பொருள் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. செட்டிங்குகள் இருக்கும் எட்சி ஃபோல்டருக்குள் உள்ள ஆப்ட் ஃபோல்டரை முழுவதும் எடுங்கள், சோர்சஸ் லிஸ்ட், அதோடு சேர்ந்த கூடுதல் லிஸ்ட்டுகள், முன்னுரிமைக் குறிப்புகள் எல்லாம் அதில் வந்துவிடும். கையெழுத்துச் சாவிகள் சில அங்கேயும், சில யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் ஷேர், கீரிங்ஸ் என்ற இடத்திலும் இருக்கும், இரண்டையும் எடுக்க வேண்டும். சாவி இல்லாவிட்டால் வெளி ரெப்பாசிட்டரி (பேக்கேஜ் கிடங்கு) எதையும் ஆப்ட் ஏற்காது. உபுண்டுவின் சொந்த ரெப்பாசிட்டரியைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். 20.04க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தாலும், எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் பேக்கேஜ்கள் அங்கேயேதான் இருக்கின்றன. ஒன்பது மாத ஆதரவுள்ள இடைப்பட்ட பதிப்புகள்தான் காலம் முடிந்ததும் ஓல்டு-ரிலீசஸ் என்ற வேறு முகவரிக்குப் போய்விடும். தனி நபர்களோ குழுக்களோ நடத்தும் ரெப்பாசிட்டரியான பிபிஏ விஷயம் வேறு. அதில் புதிய பதிப்பு வந்ததும் பழையது எடுபட்டுவிடும், நடத்துபவர் விரும்பினால் முழுவதையும் மூடிவிடலாம். ஆகவே உங்கள் மெஷினில் ஓடும் அதே பதிப்பு நாளைக்கும் அங்கே கிடைக்கும் என்று நினைத்து எதையும் நீக்காதீர்கள்.

திரும்பக் கிடைக்காதவை எவை என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆப்ட் லிஸ்ட் கட்டளையில் நிறுவப்பட்டவற்றை மட்டும் கேளுங்கள், சில பெயர்களின் முடிவில் அடைப்புக்குள் "இன்ஸ்டால்டு, லோக்கல்" என்று வரும். அதற்கு அர்த்தம், இந்தப் பேக்கேஜ் மெஷினில் இருக்கிறது, ஆனால் இப்போதுள்ள எந்த ரெப்பாசிட்டரியிலும் இந்தப் பதிப்பு இல்லை என்பது. யாரோ பேக்கேஜ் அடங்கிய டெப் ஃபைலைத் தனியாக இறக்கி நிறுவியதாக இருக்கும், அல்லது மூடிப்போன பிபிஏவிலிருந்து வந்ததாக இருக்கும். இந்தப் பட்டியலில் வரும் ஒவ்வொன்றுக்கும் டெப் ஃபைலைத் தேடிப் பிடித்து வைக்க வேண்டும். எங்கேயும் கிடைக்காவிட்டால் டிபிகேஜி-ரீபேக் என்ற சின்னக் கருவி, நிறுவியிருக்கும் ஃபைல்களிலிருந்தே ஒரு டெப் ஃபைலைத் திரும்பக் கட்டிக் கொடுக்கும். நீங்கள் மாற்றிய செட்டிங்குகளும் அதற்குள் சேர்ந்துவிடும் என்பதால் அசல் டெப் ஃபைலுக்குச் சமம் என்று அதைச் சொல்ல மாட்டேன், ஆனால் இதே மெஷினில் திருப்பிப் போடுவதற்கு எனக்கு அது பல தடவை உதவியிருக்கிறது.

இங்கே ஒரு வரிசை முக்கியம். டிஸ்க் நிறைந்தது என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது ஆப்ட் கிளீன் கொடு என்பதுதான். அது வார் ஃபோல்டருக்குள் கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் என்ற இடத்தில் இருக்கும் டெப் ஃபைல்களை எல்லாம் அழித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அது தொடாது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நீங்கள் தேடும் பழைய டெப் ஃபைல் ஒருவேளை அங்கேதான் கிடக்கும். முதலில் அந்த ஃபோல்டரை வெளி டிஸ்கில் எடுத்துவிட்டு அப்புறம் கிளீன் கொடுங்கள். அதில் எவ்வளவு இருக்கும் என்பது உங்கள் அலுவலகத்தில் இதுவரை எந்தக் கட்டளையைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. ஆப்ட்-கெட் இறக்கிய டெப் ஃபைல்களை வைத்திருக்கும், ஆப்ட் என்ற புதிய கட்டளை நிறுவி முடித்ததும் தானே அழித்துவிடும். டெப் ஃபைல்களை வைத்திருப்பதில் நம் பக்கம் இன்னொரு லாபமும் உண்டு, காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் நெட் போய்விடும் ஊரில் சில நூறு எம்பியைத் திரும்ப இறக்குவது சின்ன விஷயம் இல்லை.

எட்சி ஃபோல்டர் முழுவதையும் டார் ஃபைலாகக் கட்டி எடுங்கள், சூடோ போட்டு. டார் கட்டினால் உரிமையாளர், அனுமதி, லிங்க் எல்லாம் உள்ளேயே பதிந்துவிடும், அதற்குப் பிறகு அந்த ஒரே ஃபைலைச் சாதாரணப் பென்டிரைவிலும் போடலாம். ஃபேட்32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். எட்சி டாரைப் பார்த்து எடுத்துப் போட வைத்துக்கொள்ளுங்கள், வேறொரு மெஷினில் மொத்தமாக விரித்துவிடாதீர்கள். அதில் இந்த மெஷினின் டிஸ்க் அடையாளங்கள் உள்ள எஃப்எஸ்டேப் இருக்கிறது, பயனர் எண்கள் இருக்கின்றன, வேறு மெஷினில் போட்டால் அது பூட் ஆகாமலேயே போகலாம். ரிமூவுக்கும் பர்ஜுக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் வருகிறது. ரிமூவ் கொடுத்தால் புரோகிராம் போகும், எட்சியில் உள்ள செட்டிங் ஃபைல் தங்கும். பர்ஜ் கொடுத்தால் அதுவும் போகும். இடம் காலியாக்குவதற்கு பர்ஜ் தேவையே இல்லை, செட்டிங் ஃபைல்கள் சில கேபிதான். முதல் சுற்றில் எதற்கும் பர்ஜ் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

டேட்டாபேஸ் இருந்தால் அது தனி விஷயம். உங்கள் பில்லிங் மரியாடிபி அல்லது மைஎஸ்கியூஎல்லில் ஓடுகிறது என்றால், அதன் ஃபைல்களை ஓடும்போதே காப்பி எடுத்தால் அந்தக் காப்பி திறக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மைஎஸ்கியூஎல்-டம்ப் கொடுத்து எல்லா டேட்டாபேஸையும் எடுங்கள், எடுத்த ஃபைலின் கடைசி வரி வரை போய்ப் பாருங்கள், முழுதாக முடிந்திருந்தால் "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று இருக்கும். டிஸ்க் நிறைந்த மெஷினில் டம்ப் பாதியில் நின்றுபோய், ஃபைல் மட்டும் இருப்பதைப் பார்த்து நம்பிவிடுவது அடிக்கடி நடக்கும். நேராக வெளி டிஸ்கிலேயே எழுதச் சொல்லுங்கள். சர்வர் பேக்கேஜை பர்ஜ் செய்யும்போது டேட்டாபேஸையும் அழிக்கட்டுமா என்று நீலத்திரையில் ஒரு கேள்வி வரும், அவசரத்தில் ஆம் என்று கொடுத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது ஆப்ட்டுக்குத் தெரியாதவை. உங்கள் கேள்வியில் பைத்தான் லைப்ரரிகளும் நிறைய போட்டிருக்கிறோம் என்று ஒரு வரி இருக்கிறது. சூடோவோடு, பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் பிப் கட்டளையைக் கொடுத்துப் போட்டிருந்தால் அவை யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் லோக்கல், லிப், பைத்தான் 3.8 என்ற பாதையில் இருக்கும். அவற்றின் பட்டியலைத் தரும் பிப் ஃப்ரீஸ் எடுத்தால் ஆப்ட் வழியாக வந்தவையும் சேர்ந்தே வரும், ஆகவே அந்த ஃபோல்டரை மட்டும் குறிப்பிட்டு எடுங்கள், பிறகு பிப் டவுன்லோடு கொடுத்து அந்தப் பதிப்புகளின் ஃபைல்களையே இறக்கி வையுங்கள். உபுண்டுவின் இன்னொரு பேக்கேஜ் முறையான ஸ்நாப்பில் வந்த பேக்கேஜை நீக்கினால் அதன் டேட்டாவை, அம்முறையை நிர்வகிக்கும் ஸ்நாப்டி தானாகவே ஒரு ஸ்நாப்ஷாட்டாக எடுத்து 31 நாள் வைத்திருக்கும், பர்ஜ் என்று சேர்த்துக் கொடுத்தால் வைக்காது. உங்கள் தடைக்காலம் 61 நாள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 31 நாள் அதில் பாதிதான்.

ஓபிடி ஃபோல்டரையும், யூஎஸ்ஆருக்குள் இருக்கும் லோக்கல் ஃபோல்டரையும், அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸின் ஃபில்டர் ஃபோல்டரையும் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஃபைல் எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று டிபிகேஜி மைனஸ் பெரிய எஸ் சொல்லும். பேக்கேஜ் எதுவும் சொந்தம் கொண்டாடாத ஃபைல் என்றால், அது யாரோ கையால் போட்டது. அப்படிப்பட்ட ஒவ்வொரு புரோகிராமுக்கும் எல்டிடி கொடுத்தால், அது எந்தெந்த லைப்ரரிகள்மேல் நிற்கிறது என்று வரிசையாகக் காட்டும். அந்த லைப்ரரிகளைக் கொண்டுவந்த பேக்கேஜ்கள் எவை என்று பார்த்து, அவற்றுக்கு ஆப்ட்-மார்க் மேனுவல் கொடுத்துவிடுங்கள். இனி ஆட்டோரிமூவ் அவற்றைத் தொடாது. மண்டபத்தில் நான் அன்றைக்கு இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்திருந்தால் அந்தக் கணக்குப்பிள்ளை கையால் எழுதியிருக்க வேண்டியதில்லை. இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, ஓடும்போது திடீரென்று ஒரு லைப்ரரியைத் தேடி ஏற்றும் புரோகிராம்களை எல்டிடி காட்டிக்கொடுக்காது. அதற்கு ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

களைவதற்கு வருவோம். முதலில் இடம் உண்மையில் எங்கே போயிருக்கிறது என்று டியூ கொடுத்துப் பாருங்கள். நான் பார்த்த மெஷின்களில் பாதிக்கு மேல் பேக்கேஜ்களால் நிறைந்தவை இல்லை. சிஸ்டம்டியின் ஜர்னல் லாக் இயல்பாக ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம் வரை வளரலாம், உங்கள் 30 ஜிபிக்கு அது 3 ஜிபி. ஜர்னல்சிடிஎல்லில் வேக்யூம் சைஸ் கொடுத்து அதை 200 எம்பிக்கு இறக்கிவிடலாம், எந்தப் பேக்கேஜும் உடையாது. ஸ்நாப்பின் பழைய பதிப்புகள் டிஸேபிள்டு என்று உட்கார்ந்திருக்கும், அவற்றையும் எடுக்கலாம். இவ்வளவு செய்தபின் உங்களுக்கு 5 ஜிபி கிடைத்துவிட்டால் பேக்கேஜ்களை இந்த வருஷம் தொடாமலேயே விட்டுவிடலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலாளிக்கு வேண்டியது இடம்தான்.

அப்படியும் தொட வேண்டியிருந்தால், ஆட்டோரிமூவை மைனஸ் எஸ் சேர்த்து முதலில் ஒத்திகை பாருங்கள், என்னென்ன போகும் என்று சொல்லும், எதையும் செய்யாது. அந்தப் பட்டியலை அச்செடுத்து ஒவ்வொரு பெயரையும் படியுங்கள். பழைய கெர்னல்கள் வந்தால் நல்லது, பெரிய இடம் அங்கேதான் கிடைக்கும், ஓடும் கெர்னலை அது விட்டுவிடும், இருந்தாலும் யூநேம் கொடுத்து எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 32 பிட்டைக் குறிக்கும் ஐ386 என்று முடியும் பெயர் ஒன்றாவது இருந்தால் நிறுத்திவிட்டு பிரிண்டரை நினையுங்கள். யூபிஎஸ் பேட்டரி தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் உண்மையான கட்டளையைக் கொடுக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் டிபிகேஜி பாதியில் நிற்கும், டிபிகேஜி கான்ஃபிகர் மைனஸ் ஏ கொடுத்துப் பெரும்பாலும் மீட்கலாம், பெரும்பாலும்தான்.

எடுத்ததைத் திறந்து பார்க்காமல் களைய ஆரம்பிக்காதீர்கள். டார் ஃபைலை மைனஸ் டி கொடுத்து உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள், எல்லாவற்றுக்கும், ஃபைல் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்ஹெச்ஏ256 கூட்டு எடுத்து எழுதி வையுங்கள், இமேஜை குளோன்ஜில்லாவிலேயே சரிபார்க்கும் வழி இருக்கிறது. முடிந்தால் பழைய மெஷின் ஒன்றிலோ விர்ச்சுவல் பாக்ஸிலோ 20.04 போட்டு, முதல் பட்டியலைக் கொடுத்து நிறுவிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்று வரும் பெயர்கள்தான் நீங்கள் எடுக்க மறந்தவை. பிரதி இரண்டு வேண்டும், ஒன்று அலுவலகத்தில், ஒன்று வீட்டில். உப்புக்காற்றில் திறந்து கிடந்த பென்டிரைவின் முனை பச்சை பிடித்து, எந்த மெஷினிலும் ஏறாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, இது தொண்டிக்கும் மண்டபத்துக்கும் மட்டும் உரிய சங்கதி. நீங்கள் ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவில் களைகிறீர்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளும் மெஷின் அரைவேலைதான் பார்க்கும், எது உடைந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. படகுகள் கடலுக்குப் போகப் பனிக்கட்டி கேட்டு வண்டிகள் வரிசையில் நிற்கும் ஜூன் பதினான்காம் தேதிதான் அது தெரியவரும். ஆகவே களைந்த மறுநாளே, வேலை இல்லாவிட்டாலும், ஒரு முழுநாள் வேலையை ஓட்டிப் பாருங்கள்: பில் ஒன்று அச்சடியுங்கள், ரத்து செய்யுங்கள், பாக்கி பட்டியல் எடுங்கள், மாதக் கடைசி ரிப்போர்ட் எடுங்கள், ஆடிட்டருக்கு அனுப்பும் ஃபைலை உருவாக்குங்கள், மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டு இன்னொரு தடவை செய்யுங்கள். இமேஜ் இருக்கும் டிஸ்கை ஜூன் மாதக் கணக்கை முடித்து ஜூலை முதல் வாரம் தாண்டும் வரைக்கும் யாரும் வேறு எதற்கும் எடுக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஒத்திகைப் பட்டியலில் புரியாத பெயர் இருந்தால் நீக்காமல் இங்கேயே போடுங்கள், ஓபிடி ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.